மணலுக்குப் போட்ட வேலி

மே 4

பன்னிரண்டு மிதவைகளையும் போட்டு முடித்தோம். காலை ஆறரைக்குப் புன்னைப்பட்டினம் கரையில் ஆரம்பித்த வேலை, பிற்பகல் மூன்றுக்குள் தீர்ந்தது. சிமெண்ட் கட்டைகளைக் கொண்டுபோய் இறக்க, வாடகைக்குப் பிடித்த உள்ளூர்க்காரர் சீனிக்கட்டியின் வள்ளம் நான்கு நடை அடித்தது. மஞ்சள் மிதவைகள் வரிசையாக நின்றதைப் பார்த்தபோது, மேசையில் நான் பேனாவால் இழுத்த கோடு கடலுக்கு வந்துவிட்டது போலிருந்தது.

விவரங்களை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். பின்னால் பயிற்சி வகுப்புகளுக்குப் பயன்படும். கடலடியில் வளரும் புல்லை இந்தப் பக்கத்தில் தாழை என்கிறார்கள். அதைத்தான் கடல்பசு மேய்கிறது. இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் அதற்குள்தான் வளர்கின்றன. மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-இல் முடிகிறது. மறுநாள் காலை பக்கத்துத் துறைமுகத்திலிருந்து அறுபது விசைப்படகுகள் இழுவலையோடு கிளம்பும். இழுவலை ஒருமுறை போனால் தாழை வேரோடு வந்துவிடும். அதற்கு முன் எல்லை போட்டு எல்லாரையும் ஒப்புக்கொள்ள வைப்பது, பாதுகாப்புத் திட்டத்தின் கள அலுவலரான என் பொறுப்பு. எல்லைக்குள் வலை கூடாது, நங்கூரம் கூடாது, கால் வைக்கக்கூடாது.

விசைப்படகுச் சங்கத் தலைவர் துரைச்சிங்கம் போன வாரமே கையெழுத்துப் போட்டுவிட்டார். மற்ற ஊர்களில் மாதக்கணக்கில் இழுத்தடிப்பார்கள். இவர் வரைபடத்தைப் பார்த்தார், சிரித்தார், ஐந்து நிமிடத்தில் போட்டுவிட்டார். எல்லாம் ஆட்களிடம் பேசுகிற விதத்தில் இருக்கிறது.

மிதவை போடுமுன் தண்ணீரில் இறங்கி அடியைச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. இன்று எனக்கு லேசாகச் சளி. இரண்டு வருடத்துக்கு முன் முக்குளிப்பவர்களை வைத்து எடுத்த கணக்கெடுப்பு கையில் இருக்கிறது. படிவத்தில் ‘சரிபார்க்கப்பட்டது’ என்று குறித்துவிட்டேன்.

மே 6

அறைக்கு எதிர்வீட்டுக் குஞ்சரத்திடம் மதியமும் இரவும் சாப்பாட்டுக்கு ஏற்பாடு. நாற்பதைத் தாண்டியிருப்பார், என் வயதுதான். கணவர் பூமிநாதன் விசைப்படகில் ஆளாகப் போகிறவர். தடைக்காலம் என்பதால் வீட்டு வாசலில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருக்கிறார். இன்று நகரை மீன் குழம்பு. கை மணமான கை. காலைச் சாப்பாடு மட்டும் அவரிடம் கிடையாது. ஏழு மணிக்கே எங்கோ போய்விடுகிறார். டீக்கடை பன்னோடு ஓட்டுகிறேன்.

பரிமாறும்போது கேட்டார்: “அந்த மஞ்சப் பந்து எம்புட்டு நாளைக்கு அங்கன கெடக்கும் சார்?”

“நிரந்தரமா இருக்கும்மா.”

“அதுக்குள்ள ஆரும் போகக்கூடாதோ?”

“யாருமே போகக்கூடாது.”

“எறங்கி நிக்கக்கூட?”

“நிக்கக்கூட.”

இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார். சாதாரண வீட்டுப் பெண்கள்கூட இவ்வளவு நுணுக்கமாகக் கேட்கிறார்கள். விழிப்புணர்வு பரவுவதற்கு இதைவிட நல்ல அடையாளம் வேண்டாம்.

மே 9

மூன்று மிதவைகளைக் காணோம். நாலு, ஐந்து, ஆறு. கயிறு அறுக்கப்பட்டிருக்கிறது, வெட்டு சுத்தமான வெட்டு. மிதவைகள் கரையில் ஒதுங்கிக் கிடந்தன. திருடனாக இருந்தால் எடுத்துப் போயிருப்பான். இது எதிர்ப்பு.

விசைப்படகுக்காரர்கள் வேலைதான். கையெழுத்து ஒரு பக்கம், கத்தி ஒரு பக்கம்.

மே 10

மூன்றையும் திரும்பப் போட்டோம். கயிற்றை மாற்றித் தடிமனான நைலான் கட்டினேன். “எறங்கிப் பாத்துட்டுக் கட்டுவோமா சார்?” என்றார் சீனிக்கட்டி. வெயில் கடுமை, வேண்டாம் என்றேன்.

மே 13

ஐந்தும் ஆறும் மறுபடி போய்விட்டன. மறுபடி கட்டினோம்.

மே 14

துறைமுகத்துக்கே போய்த் துரைச்சிங்கத்தை நேராகக் கேட்டேன். படகுக்குச் சாயம் அடிப்பதை மேற்பார்த்துக்கொண்டிருந்தார். கோபமே வரவில்லை அவருக்கு.

“நாங்க எதுக்கு சார் அறுக்கப் போறோம்? அது அங்கிட்டே இருக்கட்டும். எங்களுக்கு ஒரு இடைஞ்சலும் இல்ல.”

“பின்ன யாரு அறுக்குறா?”

“ஊருக்குள்ள விசாரிங்க.”

புன்னைப்பட்டினம் திரும்பி ஊர்க்கூட்டம் போடச் சொன்னேன். கோயில் முன்னால் முப்பத்தாறு ஆண்கள் வந்தார்கள். தாழையின் பயன்களைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினேன், யாரும் எழுந்து போகவில்லை. கடைசியில் ஒவ்வொருவரையும் எழுப்பி, அறுத்தது யார் என்று தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றார்கள். சிலர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்கள். பயப்படுகிறார்கள் என்று புரிந்தது.

குஞ்சரம் இரவு வெறும் ரசமும் கருவாடும் போட்டார். விரல்களில் துணிக்கிழிசல் சுற்றியிருந்தது. அரிவாள்மனையில் வெட்டிக்கொண்டாரா என்றேன். “பாறையில கீறிருச்சு” என்றார். வீட்டில் ஏது பாறை என்று கேட்க நினைத்தேன். அதற்குள் வத்சலா மேடம் போன் வந்துவிட்டது. மேடம் மாவட்டத்தில் திட்டத்துக்குத் தலைவர். எல்லாம் கட்டுக்குள் இருக்கிறது என்று சொன்னேன்.

மே 17

பூங்கோதை துறையூர் வீட்டிலிருந்து பேசினாள். மகளுக்குக் கல்லூரி விண்ணப்பம் போட்டாயிற்றாம். கடைசியில், “தண்ணியில எறங்குறீங்களா?” என்று கேட்டாள்.

“தேவைப்படல.”

“அங்க இருக்கறவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?”

“எதை?” என்றேன். அவள் பேச்சை மாற்றிவிட்டாள். இருபது வருடம் கூட வாழ்ந்தவளுக்கு எதை விட வேண்டும் என்று தெரியும்.

மே 19

ஐந்து, ஆறு, ஏழு. இதோடு எட்டுக் கயிறு அறுபட்டிருக்கிறது. எப்போதும் கோட்டின் நடுப்பகுதிதான். மற்றவற்றை யாரும் தொடுவதில்லை. ஏன் என்பதற்கு என்னிடம் ஒரு காரணம் இருக்கிறது: கரையிலிருந்து பார்த்தால் நடுப்பகுதிதான் எல்லார் கண்ணிலும் படும். அவமானப்படுத்துவதே நோக்கம்.

மூன்றையும் இன்றே திரும்பக் கட்டியாயிற்று. நாளை கையும் களவுமாகப் பிடிக்கிறேன்.

மே 20

பிடித்துவிட்டேன். உட்கார்ந்து நிதானமாக எழுத வேண்டும்.

காலை ஒன்பது மணி. நல்ல வெளிச்சம், நீர் வற்றம். சீனிக்கட்டியின் வள்ளத்தில் தொலைநோக்கியோடு காத்திருந்தேன். சீனிக்கட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டு பீடி பிடித்தார். ஐந்தாம் மிதவைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வள்ளம் வந்து நின்றது. அதிலிருந்து ஏழெட்டுப் பெண்கள் முக்குளிக்கிற கண்ணாடி மாட்டிக்கொண்டு, முதுகில் சாக்குப் பையோடு தண்ணீரில் இறங்கினார்கள். ஒருத்தி மிதவையைப் பிடித்து, இடுப்பிலிருந்து அரிவாளை எடுத்து, காய்கறி நறுக்குகிற மாதிரி கயிற்றை அறுத்தாள். ஒளிவுமறைவே இல்லை. எங்கள் வள்ளம் பக்கத்தில் போனதும் கண்ணாடியைக் கழற்றினாள்.

குஞ்சரம்.

“நாந்தேன் சார்” என்றார். “எட்டுக் கயிறும் நாந்தேன்.”

“பதினஞ்சு நாளா உங்க வீட்டுலதானே சாப்பிடுறேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“நீங்க கேட்டது ஆம்பளைககிட்ட. அதுவும் ஆரு அறுத்தான்னு கேட்டீக. ஏன் அறுத்தாகன்னு ஆருகிட்டயும் கேக்கல.”

மற்ற பெண்கள் அடியிலிருந்த பாறைமேல் மார்பளவு தண்ணீரில் நின்றபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் விற்பதற்குக் கடல்பாசி எடுக்கிறவர்களாம். இந்த ஊரில் நாற்பது பெண்களுக்கு அதுதான் பிழைப்பு. ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில் கடலடிப் பாறைத்திட்டு ஒன்று இருக்கிறது, பார்ப்பாறை என்கிறார்கள்; அதில்தான் பாசி வளர்கிறது. என் மீனவர் கணக்கெடுப்பில் அவர்கள் இல்லை. படகு உள்ளவர்களைத்தான் கணக்கெடுத்தோம்.

“சரி, உங்க கஷ்டம் புரியுது. ஆனா தாழையைக் காப்பாத்தணும்லம்மா?”

“இங்கன ஏது சார் தாழை?”

“வரைபடத்துல இருக்கு.”

“படத்துல இருக்கும். போன வருசப் புயலுக்கு மண்ணு அடிச்சு எல்லாம் மூடிப்போச்சு. பாறைய விட்டா இங்க வெறும் மணலுதேன். தாழை கெழக்கால கெடக்கு. எறங்கிப் பாருங்க.”

எல்லாரும் காத்திருந்தார்கள். தண்ணீர் பச்சையாக, அடி தெரியாமல் இருந்தது. சளி இன்னும் விடவில்லை என்று சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

மதியம் வழக்கம்போலச் சோறு வந்தது. வாளை மீன் வறுவல். தட்டை வைத்துவிட்டுப் போனார்.

மே 21

துரைச்சிங்கம் ஏன் ஐந்து நிமிடத்தில் கையெழுத்துப் போட்டார் என்பது இன்று பல் தேய்க்கும்போது புரிந்தது.

மே 22

எழுதிவிடுகிறேன். எனக்கு நீந்தத் தெரியாது. ஒன்பது வயதில் துறையூரில் மாமா தோட்டத்துக் கிணற்றில் விழுந்தேன். எடுத்துப் போட்டார்கள். அதற்குப் பிறகு முழங்காலுக்கு மேல் தண்ணீர் பட்டதில்லை. கடல் திட்டங்களில் பதினெட்டு வருடம் வேலை பார்த்திருக்கிறேன். படகு, வரைபடம், கூட்டம், அறிக்கை எல்லாவற்றிலும் கெட்டிக்காரன் என்று பெயர். இறங்க வேண்டிய இடத்தில் எப்போதும் யாராவது எனக்காக இறங்கியிருக்கிறார்கள்.

மே 24

குஞ்சரத்திடம் சொன்னேன். வாசலில் வைத்துத்தான், பூமிநாதனும் இருந்தார். சொல்லி முடித்ததும் அவர் வலை பொத்துவதை நிறுத்தினார்.

“இதுக்கா சார் சளின்னீக” என்றார் குஞ்சரம். “லாரி ட்யூப் இருக்கு. நாளைக்கு ஒம்பதரைக்கு எறங்குவோம். கைலி வேணாம், கால்சட்டை போட்டு வாங்க. காலையில ரெண்டு இட்லி தாரேன், வெறும் வயித்தோட எறங்காதீக.”

மே 25

இறங்கினேன்.

உயிர்காப்புச் சட்டை, அதற்கு மேல் லாரி ட்யூப், ட்யூபில் கட்டிய கயிறு குஞ்சரத்தின் இடுப்பில். கால் வள்ளத்தை விட்டதும் ட்யூபை இறுகக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். திரும்ப ஏறிவிட்டேன். இரண்டாம் முறையும் ஏறிவிட்டேன். மூன்றாம் முறை முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தேன்.

ஐந்தாம் மிதவை நின்ற இடத்தில் கீழே மணல். நெல் அடித்துப் பெருக்கிய களம் போல வழித்துவிட்ட மணல். நான் போட்ட சிமெண்ட் கட்டை அதில் பாதி புதைந்து உட்கார்ந்திருந்தது. கண்ணுக்கு எட்டியவரை ஒரு புல் இல்லை. பன்னிரண்டு மிதவை வைத்து நான் மணலுக்கு வேலி போட்டிருக்கிறேன்.

அங்கிருந்து கிழக்கே அரைமணி நேரம். அங்கே இறங்கியபோது பயம் எங்கே போனது என்று தெரியவில்லை. தாழை இடுப்புயரம் வளர்ந்து நீரோட்டத்தில் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. நடுவே ஒரு முழ அகலத்துக்குப் புல் இல்லாத பாதை ஒன்று வளைந்து போயிற்று. “ஆவுளியா மேஞ்ச தடம்” என்றார் குஞ்சரம். கடல்பசுவை அவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். பதினெட்டு வருடமாகப் படத்தில் பார்த்ததை இன்றுதான் பார்த்தேன்.

வேறொன்றும் பார்த்தேன். தாழையில் அங்கங்கே பாய் அளவுக்கு வழுக்கைத் திட்டுகள். மேலே வந்ததும் கேட்டேன். “இது விசைப்படகு இல்ல. இது யாரு?”

குஞ்சரம் இடுப்புக் கயிற்றைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: “நண்டு வலைக்குப் போற நம்ம ஊரு வள்ளம். நங்கூரம் இழுத்தது. நாங்களும் போட்டிருக்கோம்.”

“அப்ப கோடு உங்களுக்கும் சேர்த்துத்தான்.”

“நான் எங்க சார் வேணாம்னேன்? சரியான எடத்துல போடுங்கன்னேன்.”

மே 29

வத்சலா மேடத்துக்குப் போன் செய்து முழுவதும் சொன்னேன்.

“படிவத்துல சரிபார்த்ததா போட்டிருக்கீங்களே மணவாளன்.”

“பொய் மேடம்.”

“மெமோ வரும். அது தனி. புது வரைபடம் எப்ப வரும்?”

“நாலு நாள்ல.”

“இந்தத் தடவை யாரை வச்சு வரையறீங்க?”

“தண்ணிக்குள்ள இருக்குறவங்களை வச்சு.”

ஜூன் 2

நான்கு நாளும் தண்ணீரில். பெண்கள் முங்கிப் பார்த்துக் கை தூக்குவார்கள். நான் ட்யூபில் கிடந்தபடி கருவியில் இடத்தைக் குறிப்பேன். தோள் உரிந்துவிட்டது. புதுக்கோடு தயார். பார்ப்பாறை வெளியே, தாழை உள்ளே.

ஊர்க்கூட்டம் மறுபடி போட்டோம். இந்த முறை பெண்கள் முன்வரிசை. நங்கூரம் போடாமல் வள்ளங்களைக் கட்டிக்கொள்ள மூன்று நிலையான மிதவைகள். பாசி எடுப்பது மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டும், அதுவும் கையால் மேல்பாகத்தை மட்டும். “பன்னெண்டு கொறச்சல்” என்று இரண்டு மணி நேரம் வாதாடினார்கள். நான் அசையவில்லை. கடைசியில் குஞ்சரமே, “பாசி வளர நாள் வேணும்ல, விடுங்கடி” என்றார்.

பார்ப்பாறைக்கு வழியை மறித்துக்கொண்டிருந்த ஆறாம் மிதவையை நானே அறுத்தேன். அரிவாள் அவருடையது.

ஜூன் 8

துறைமுகத்தில் சங்க அலுவலகம். புது வரைபடத்தைப் பார்த்ததும் துரைச்சிங்கத்தின் சிரிப்பு போய்விட்டது. படகு உரிமையாளர்கள் இருபது பேர் சுற்றி நின்றார்கள்.

“மணலைக் கேட்டீக, குடுத்தோம். இப்ப சோத்தைக் கேக்குறீக.”

“கரையிலிருந்து மூணு கடல் மைலுக்குள்ள விசைப்படகு வரக்கூடாதுன்னு ஏற்கெனவே சட்டம் இருக்கு. இது அதுக்குள்ளதான் வருது.”

“சட்டம் இருக்கட்டும் சார். கடல்ல நின்னு பிடிக்க ஆளு இருக்கா?”

இல்லை. அது எனக்கும் தெரியும். அப்போது கூட வந்திருந்த குஞ்சரம் ஒரு பிளாஸ்டிக் தொட்டியை மேசைமேல் வைத்தார். கடல்நீரும், நங்கூரத்தில் பிடுங்கி வந்த ஒரு கை தாழையும். “ஆட்டிப் பாருங்கண்ணே” என்றார்.

துரைச்சிங்கம் விரலால் புல்லை அசைத்தார். உள்ளேயிருந்து நகக்கண் அளவு இறால் குஞ்சுகள் தெறித்தன. பத்து, இருபது, எண்ண முடியவில்லை. கண்ணாடிபோல உடம்பு, கறுப்புப் பொட்டாகக் கண். நின்றவர்கள் எல்லாரும் குனிந்தார்கள்.

“இது ஒரு கைப்பிடி” என்றார் குஞ்சரம். “நீங்க ஆழத்துல பிடிக்கிற இறாலு இங்கன இருந்துதேன் வருது. மொத நாளே வேரோட இழுத்தா, ஆடிக்கு எதைப் பிடிப்பீக?”

“ஒம் புருசன் ஆரு போட்டுல போறான்னு ஞாவகம் இருக்கா?” துரைச்சிங்கம் தொட்டியைப் பார்த்தபடியே கேட்டார்.

“உங்க போட்டுலதேன். அவுக கொண்டாற சோத்தைத்தான் நானும் திங்கிறேன். அதுனாலதேன் வந்தேன்.”

பிறகு மூன்று மணி நேரம் பேசினோம். கிழக்கு ஓரத்தில் வலை இறக்காமல் கடந்து போக ஒரு வழி கேட்டார்கள். அது நியாயம், கொடுத்தேன். ஒரு வருடம் பார்க்கிறோம் என்றார்கள், சரி என்றேன். ஆனால் துரைச்சிங்கம் பேனாவைத் தொடவில்லை. “எழுதிக் குடுக்க மாட்டேன். பதினஞ்சாம் தேதி பாருங்க” என்று எழுந்துவிட்டார்.

ஜூன் 12

புதுக்கோட்டில் மிதவைகள் போட்டாயிற்று. ஒவ்வொன்றின் கீழும் இறங்கிப் பார்த்தேன். கோடு பழையதைவிட நீளம். பன்னிரண்டு மிதவை போதவில்லை. நடுவே இடைவெளிகள். மெமோவும் வந்தது, பதில் எழுதி அனுப்பினேன்.

ஜூன் 13

துரைச்சிங்கத்தின் படகுக்கு ஆள் கூப்பிட்டார்கள். பூமிநாதன் பெயர் இல்லை. “ஆளு போதும்” என்று சொன்னார்களாம். பத்து வருடம் அந்தப் படகில் போனவர்.

என்னால்தானே என்று குஞ்சரத்திடம் சொன்னேன்.

“உங்களால ஒண்ணுமில்ல. பேசுனது நான்” என்றார். பூமிநாதன் திண்ணமாகச் சொன்னார்: “பதினஞ்சாம் தேதி நானும் உங்க வள்ளத்துல வாறேன் சார். சும்மாதானே இருக்கேன்.”

ஜூன் 15

மேற்கே இருந்து அடிக்கும் கச்சான் காற்று மெதுவாக இருந்தது. விடிந்ததும் கோட்டுக்குப் போனோம். மிதவைகள் இல்லாத இடைவெளிகளில் நாலு வள்ளங்கள் பக்கத்து மிதவைகளில் கயிறு கட்டி நின்றன. இருபத்தாறு பெண்கள், சீனிக்கட்டி, பூமிநாதன், நான். தடுக்க எங்களிடம் எதுவும் இல்லை. கோடு எங்கே என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். எனக்கு அது போதும் என்று தோன்றியது; ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஆறரை மணிக்கு எஞ்சின் சத்தம் கேட்டது. அறுபது படகுகள் ஒன்றாக வருவதைத் தண்ணீர் மட்டத்திலிருந்து பார்த்தால் ஒரு ஊரே நகர்ந்து வருவது போலிருக்கிறது. அலை அடித்து எங்கள் வள்ளம் ஆடியது. முதல் படகு முந்நூறு மீட்டர் தொலைவுக்கு வந்து, கிழக்கே திரும்பியது. இரண்டாவது திரும்பியது. பிறகு வரிசையாகத் திரும்பின. எண்ணிக்கொண்டே வந்தேன்.

நாற்பத்து மூன்றாவது படகு திரும்பவில்லை. இரண்டு மிதவைகளுக்கு நடுவே நேராக உள்ளே வந்தது. பின்பக்கம், இழுவலையின் வாயை விரித்துப் பிடிக்கும் பலகைகளை இறக்க ஆரம்பித்தார்கள். எங்களைக் கடந்தபோது அதிலிருந்த ஆட்கள் எங்களைப் பார்க்கவில்லை. பெண்கள் கூச்சல் போட்டார்கள். குஞ்சரம் மட்டும் அந்தப் பலகைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது சீனிக்கட்டியின் வள்ளத்திலிருந்த வயர்லெஸ்ஸில் துரைச்சிங்கத்தின் குரல் வந்தது. சத்தம் போடவில்லை. அந்தப் படகின் பெயரைச் சொன்னார்; பிறகு, “பலகைய ஏத்து. ஏத்திட்டு வெளிய வா. சாயங்காலம் பேசிக்குவோம்” என்றார்.

அரை நிமிடம் எஞ்சின் சத்தம் அப்படியே இருந்தது. பிறகு பலகைகள் சொட்டச் சொட்ட மேலே வந்தன. படகு வளைந்து கிழக்கு வழியாக வெளியே போயிற்று.

கடைசியாக வந்தது துரைச்சிங்கத்தின் படகு. வழக்கமாகக் கரையிலேயே நிற்பவர், இன்று சுக்கான் அறை வாசலில் நின்றிருந்தார். கோட்டை ஒட்டி வந்து எஞ்சினைக் குறைத்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தாரா, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினாரா என்று தெரியவில்லை.

“பூமி” என்று கூப்பிட்டார். “சனிக்கிழமை ஆளு கொறையுது. வந்துரு.”

பூமிநாதன் கையைத் தூக்கினார். படகு வேகமெடுத்தது.

குஞ்சரம் வள்ளத்தின் ஓரத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, அவிழாத ஒரு முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். தோள் இரண்டும் குலுங்கின. பூமிநாதன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.